கெல்லுக்குக் கீழே இருந்த முதுகு

எங்கள் கில்ப்ரூக் பப்புக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினால் நேரே அந்தப் போட்டோவில்தான் கண் முட்டும். கறுப்பு வெள்ளைப் படம். கெல்வின் ராத்போன் ஆகாயத்தில் நிற்கிறார். இரண்டு கையும் தலைக்கு மேலே, கைக்குள் பந்து, முழங்கால் இரண்டும் இன்னொருத்தன் தோளில். அந்த இன்னொருத்தனுக்கு முகம் கிடையாது. குனிந்த முதுகு, சேறு அப்பிய ஏழாம் நம்பர், ஓரமாக ஒரு காது, அவ்வளவுதான்.

பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற எங்கள் ஃபுட்பாலில் அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எம்பிப் பந்தைப் பிடித்தால் குற்றமில்லை, கைதட்டல்தான். கில்ப்ரூக் கடைசியாகக் கோப்பை வாங்கிய இறுதி ஆட்டத்தில் கெல் அப்படிப் பிடித்தார், பிடித்த இடத்திலிருந்தே உதைத்துக் கோல் போட்டார், ஆஷ்டன் கிரீக்காரர்கள் தொங்கிய முகத்தோடு பஸ் ஏறினார்கள். அதற்கப்புறம் நாற்பது வருஷமாக நாங்கள் ஒன்றும் கிழிக்கவில்லை. கிழிக்காதவர்கள் பழசைத்தானே பேச முடியும்? அந்த ஒரு பிடியை இன்னும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறோம்.

முதுகுக்குச் சொந்தக்காரர் ட்ரெவர் ஹாஸ்கின். அன்றைக்கு ஆஷ்டன் கிரீக்கின் பழுப்பு மஞ்சள் ஜெர்சியில் ஆடியவர். கெல்லின் பாரம் மேலே விழுந்ததில் அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. தூக்கிக்கொண்டு போன இடம் கில்ப்ரூக் ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட நர்ஸ் மார்லீன். கட்டு அவிழ்ப்பதற்குள் பேச்சு காதலாக முற்றிவிட்டது. அடுத்த வருஷமே கல்யாணம் கட்டி, எதிரி ஊரிலேயே குடிவந்து, பால் டேங்கர் ஓட்ட ஆரம்பித்தார். இப்போது தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. சனிக்கிழமை காலையில் எங்கள் மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுவது அவர்தான். ஆட்டம் முடிந்ததும் பார்பிக்யூவில் நின்று வியர்க்க வியர்க்க சாசேஜ் புரட்டுவதும் அவர்தான். சேறு படிந்த பச்சை ஜெர்சிகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்த் துவைத்துக் கொண்டுவருவதும் அவர்தான்.

இவ்வளவு செய்தும் ஊர் அவருக்குக் கொடுத்த பெயர் ஏணி.

"ஏணி, ஒரு பல்பு ஃப்யூஸ் போச்சு, தோளக் கொஞ்சம் குடு."

"ஏணி வந்தாச்சுடா, கெல்லுக்கு ஃபோன் போடுங்க, ஏறட்டும்."

இது ஒருநாள் கூத்தில்லை. நாற்பது வருஷ வேடிக்கை. புதிதாக யாராவது பப்புக்கு வந்தால் முதலில் போட்டோவைக் காட்டுவார்கள், அடுத்து ட்ரெவரைக் காட்டுவார்கள். ட்ரெவர் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தன் பீரைக் குடிப்பார். மனுஷனுக்கு வலிக்குமே என்று எங்களில் ஒருத்தனுக்காவது தோன்றியதா என்று கேட்டால், இல்லை. இதைச் சொல்ல எனக்கும்தான் வெட்கமாக இருக்கிறது.

கிளப்புக்கு நூறு வயது ஆனபோதுதான் அந்த அச்சு ஓவியப் பேச்சு வந்தது. கிளப்பின் ஜாம்பவான்களை எல்லாம் ஒரே தாளில் வரைந்து, நல்ல கனத்த காகிதத்தில் அச்சடித்து, கில்ப்ரூக்கில் வீட்டுக்கு ஒன்று மாட்டிவிட வேண்டும் என்று தலைவர் ராஸ் பிளக்கெட் அறிவித்தார். வரைகிற வேலை கொரீனுக்கு. கொரீன் ஹேடோ லாரிக் கதவுகளில் பெயர் எழுதுகிறவள். ட்ரெவரின் டேங்கரில் ஓடுகிற எழுத்தும் அவள் கைதான். நடுவில், எல்லாருக்கும் மேலே, கெல் எம்பிப் பிடிக்கும் அந்தக் காட்சி. ராஸ் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"ஏணி, உனக்கு யோகம்டா! இனிமே வீட்டுக்கு வீடு தொங்கப் போற!"

கிளப் அறையே குலுங்கச் சிரித்தது. ட்ரெவரும் சிரித்தார். ஆனால் அன்று அவர் கையிலிருந்த பீர் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். பப்பில் தொங்கும்போது பப்புக்குப் போனவன்தான் பார்த்தான். இனி மகள் வீட்டுக் கூடத்தில், எதிர் வீட்டில், பல் டாக்டர் அறையில் என்று போகுமிடமெல்லாம் தன் முதுகும் அதன்மேல் கெல்லின் முழங்காலும் இருக்கப்போகின்றன என்ற நினைப்பு அவரை விடவில்லை. மார்லீன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பூட்ஸோட உக்காந்திருக்க? தரை பூரா சேறு. சொல்லித் தொலை."

சொன்னார். மார்லீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ என்னை வரையாதேன்னு போய்ச் சொல்ல வேண்டியதுதானே? உனக்கு வாய் இல்லையா?"

"சொன்னா சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் அழறாங்களா? நாப்பது வருஷமா சிரிச்சுட்டுத்தானே இருக்காங்க, நீயும் பல்லைக் காட்டிட்டுத்தானே இருக்க. எலும்புக்குத்தான் நான் கட்டுப் போட்டேன் ட்ரெவ். இதுக்கு நீதான் போட்டுக்கணும்."

மார்லீன் பேச்சு அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மறுநாள் பால் இறக்கிவிட்டு வரும் வழியில் ட்ரெவர் கொரீனின் கொட்டகை முன்னால் டேங்கரை நிறுத்தினார்.

கொட்டகைக்குள் நீள மேஜை. அதன்மேல் பென்சில் படங்கள். காலுறை எப்போதும் கணுக்காலில் சுருண்டு கிடக்கும் பழைய கேப்டன், காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஆடிய பால்பண்ணைக்காரர், ஓரத்திலேயே ஓடி ஆடி, போன வருஷம் செத்துப்போன குள்ள ஆட்டக்காரர், எல்லாரும் தனித்தனித் தாளில் படுத்திருந்தார்கள். கோல் கம்பங்களை நெட்டுக்கு நிறுத்தி, அவற்றுக்கு நடுவே ஆட்களை ஒருத்தர் மேல் ஒருத்தராக அடுக்கி, உச்சியில் கெல்லை வைப்பது கொரீனின் திட்டம். மொத்தம் மூன்றே மை. பச்சை, கறுப்பு, காகிதத்தின் வெள்ளையை மறைக்காத ஒரு சாம்பல்.

ட்ரெவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"கொரீன், ஒரு உதவி. என்னை அதுலேருந்து எடுத்துடேன்."

அவள் பென்சிலைக் காதில் செருகினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"நானே முயற்சி பண்ணிப் பாத்தேன் ட்ரெவ். ஆளுங்க நெறைய, எடம் பத்தல. நீங்க இல்லாம ஒண்ணு போட்டேன். இங்க பாருங்க."

கெல் மட்டும் இருந்தார். கையைத் தூக்கி, முழங்காலை மடக்கி, கீழே ஒன்றுமில்லாமல். கொடியில் காயப்போட்ட கால்சட்டை மாதிரி அந்தரத்தில் தொங்கினார். ட்ரெவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொரீனும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆமா, அன்னிக்கு நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

பப்பில் ட்ரெவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். வலித்ததா, சேறு ருசியாக இருந்ததா, கெல் எத்தனை கிலோ இருந்தான். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை.

"பந்தைத்தான்" என்றார். "வேற எங்க பாப்பேன்? பந்து காத்துல பின்னால போச்சு. நான் அதைப் பாத்துக்கிட்டே பின்னாலேயே ஓடினேன். முதுகுக்குப் பின்னால யார் வரான்னு பாக்கல."

"கை?"

"மேல இருந்துச்சு. பிடிக்கிறதுக்குத்தான்."

"போட்டோவுல கை தெரியலையே."

"அது அவன் ஏறினதுக்கப்புறம் எடுத்தது. அதுக்கு முன்னாடி தூக்கித்தான் வெச்சிருந்தேன்" என்றார் ட்ரெவர்.

கொரீன் பழைய தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "நீங்களும் கெல்லும் ஒருநாள் வந்து நின்னு காட்டுங்க. ரெண்டு பேரையும் சேத்துப் பாக்காம என்னால போட முடியாது" என்றாள். ட்ரெவர் வந்தது தன்னை அழிக்கச் சொல்லத்தான். போகும்போது நின்று காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு போனார். எப்படி ஒப்புக்கொண்டோம் என்று டேங்கரில் ஏறிய பிறகும் அவருக்கே விளங்கவில்லை.

கிளப் அறையில் நடந்த அந்தக் கூத்தைப் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள். கெல்லுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. உடம்பு அந்தக் காலத்துக் கெல்லைப் போல் ஒன்றரை மடங்கு. ஒரு படி ஏறக் கைப்பிடி வேண்டும். அவரை இரண்டு பார் ஸ்டூல்களுக்கு நடுவே தாங்கி நிறுத்தி, முழங்காலை ஒரு மூன்றாவது ஸ்டூலில் மடக்கி வைப்பதற்குள் ராஸுக்கும் இன்னொருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

"மெதுவாடா, புது முட்டிடா அது!" என்று கத்தினார் கெல்.

"வாரன்டி இருக்குல்ல?" என்றார் ட்ரெவர்.

"வாரன்டி ஆகாயத்துல தாவறதுக்கு இல்லடா, கக்கூஸ் போறதுக்கு."

ட்ரெவர் கெல்லுக்கு முன்னால், ஸ்டூலுக்குக் கீழே குனிந்து நின்றார். நாற்பது வருஷமாக எல்லாரும் பார்த்த அதே முதுகு. கொரீன் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போது கெல் மேலேயிருந்து சொன்னார்.

"டேய், அப்படி இல்லடா. ஏன் குனியற? நீ குனிஞ்சா நின்ன? நிமிந்து பின்னால வந்துட்டிருந்த. நான் ஓடி வரும்போது 'என்னுது'ன்னு நீ கத்தினது கேட்டுச்சே."

அறையில் சிரிப்பு நின்றது. ட்ரெவர் மெல்ல நிமிர்ந்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"பொணத்துக்கே கேட்டிருக்கும், அப்படிக் கத்தின. போச்சுடா, இவன் முந்திட்டான்னுதான் நெனச்சேன். லேட்டாயிட்டேன்டா நானு. வேற வழியில்லாமத்தான் தாவினேன்."

"இதை நீ சொன்னதே இல்லையே கெல்?"

கெல் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அந்த ஆளிடம் கள்ளம் கிடையாது. "எவனும் உன்னைப் பத்திக் கேக்கலடா" என்றார். "என்னைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன்."

ட்ரெவர் நின்ற நிலையில் கைகளை மேலே தூக்கினார். தலையை அண்ணாந்தார். கிளப் அறையின் கூரை விசிறியைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. கொரீன் அவர் எதிரே போய் நின்று வரைய ஆரம்பித்தாள். போட்டோக்காரர் அன்று நின்றது கோலுக்குப் பின்னால். அவள் இப்போது நின்றது அதற்கு நேர் எதிர்ப் பக்கம்.

இங்கேதான் வந்தது சங்கடம். பப்புப் போட்டோ கறுப்பு வெள்ளை என்பதால் ட்ரெவர் போட்டிருந்தது எந்த ஊர் ஜெர்சி என்று எவனுக்கும் உறுத்தியதில்லை. முகம் தெரிகிற மாதிரி முன்பக்கத்திலிருந்து வரைந்ததும் கொரீனுக்கு அந்த மூன்று மை போதவில்லை. சாம்பலில் போட்டால் ட்ரெவர் கெல்லின் நிழல் மாதிரி இருந்தார். அதனால் பழுப்பும் மஞ்சளும் கரைத்து, பட்டை பட்டையாக ஜெர்சிக்குப் பூசி, கமிட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். ராஸ் பிளக்கெட் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கறி பஃப்ஸைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆஷ்டன் கிரீக் கலரா? நம்ம ஜாம்பவான்கள் படத்துலயா? நடுவுலயா?"

"அன்னிக்கு அவர் அதைத்தானே போட்டிருந்தாரு?" என்றாள் கொரீன்.

"போட்டிருந்தா? எங்கப்பா எந்திரிச்சு வந்து என்னை உதைப்பாரும்மா. இந்தக் கலரை என் வீட்டுக் கூடத்துல மாட்டுவேனா? அவரையே அழிச்சுடு. ட்ரெவரே வேணாம்னு சொன்னதா நீதானே சொன்ன? அவரு கேட்டதுதானே? எல்லாருக்கும் நல்லது."

கமிட்டி தலையாட்டியது. கமிட்டி எதற்குத்தான் தலையாட்டவில்லை! கெல் அன்று முட்டிக்குப் பயிற்சி செய்யப் போயிருந்ததால் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. ராஸே ட்ரெவரைக் கூப்பிட்டுச் சொன்னார், ஏதோ பரிசு கொடுக்கிற முகத்தோடு.

"ட்ரெவ், உன் ஆசை நடந்துடுச்சு. உன்னை எடுத்தாச்சு. இனிமே உன் முதுகைப் பத்தி எவனும் வாயத் திறக்க மாட்டான்."

"நன்றி ராஸ்" என்றார் ட்ரெவர்.

கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாடா என்றிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லைக் கோட்டில் நடந்தபோது ட்ரெவர் அந்த அப்பாடாவுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்றே கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கோடு பாம்பு போல நெளிந்து கிடந்தது. அவர் போட்ட கோடு கோணியதை அந்த மைதானம் அதுவரை பார்த்ததில்லை. மார்லீன் தேநீர் ஃபிளாஸ்கோடு வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"வேணாம்னு கேட்ட, எடுத்துட்டாங்க. இப்ப என்ன?"

ட்ரெவர் வண்டியை விட்டுவிட்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தார். மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"நான் இல்லாம போகணும்னு நெனைக்கல மார்லீன். அப்படித்தான் நெனைக்கிறேன்னு நானே ஏமாந்துட்டேன். அன்னிக்கு நான் அங்க இருந்தேன். கையைத் தூக்கிட்டு, பந்தைப் பாத்துட்டு, உருப்படியா இருந்தேன். ஆனா இத்தனை வருஷமா முதுகா மட்டும் இருந்திருக்கேன். இப்ப அதுவும் இல்ல. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல இவங்ககிட்ட நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

"அப்போ கேளு" என்றாள் மார்லீன். "கமிட்டி உள்ளேதான் உக்காந்து தின்னுட்டிருக்கு. போ. தேத்தண்ணி ஆறிடும், சீக்கிரம் வா."

கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டோடு ட்ரெவர் கிளப் அறைக்குள் போனார். கமிட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தது. கெல்லும் இருந்தார், ஊன்றுகோலைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். கொரீன் அன்று கொண்டுவந்து காட்டிய படம் இன்னும் சுவரில் சாய்ந்துதான் இருந்தது.

"என்ன ஏணி, கோடு வளைஞ்சு கெடக்கு?" என்றார் ராஸ்.

"என் பேரு ட்ரெவர்" என்றார் அவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வறுவலுக்குப் போன கைகள் எல்லாம் நின்றன.

"நான் என்னை எடுக்கச் சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். என்னைப் போடுங்க. முகத்தோட போடுங்க. நான் அன்னிக்குப் போட்டிருந்த கலரோட போடுங்க."

ராஸ் பெருமூச்சு விட்டார். "ட்ரெவ், உன்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்தக் கலர்தான்..."

"அந்தக் கலர் மேலதானே கெல் ஏறினான்? உங்க ஆளு மேலயா ஏறினான்? என்னை எடுத்துட்டா அவன் யாரை ஜெயிச்சான்? காத்தையா? என்னைப் பொடிப்பயலாக் காட்டினா உங்க ஜாம்பவான் பொடிப்பயலைத்தான் தாண்டினான்னு ஆகும் ராஸ். நான் பொடிப்பயல் இல்ல. அந்தப் பந்து என்னுதாதான் இருந்துச்சு. அதைப் பறிச்சான் பாரு, அதனாலதான் அவன் ஜாம்பவான்."

மனுஷன் இவ்வளவு வாக்கியங்கள் ஒரே மூச்சில் பேசி நாங்கள் கேட்டதில்லை. முகம் சிவந்துவிட்டது. வெளியே ஓடிப்போகலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஆனால் நின்றார்.

கெல் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "அவன் இல்லாட்டி என்னையும் எடுத்துடுங்க. நான் கொடியில தொங்கற கால்சட்டை இல்ல. கொரீன் அந்தப் படத்தையும் எனக்குக் காட்டினா. பாத்துட்டு என் பொண்டாட்டி ஒரு வாரம் சிரிச்சா."

ராஸ் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சுவரில் சாய்ந்த படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பச்சை ஜெர்சி அந்தப் பழுப்புக்கும் மஞ்சளுக்கும் மேலே கண்ணைப் பறித்துக்கொண்டு நிற்பது அவருக்கும் தெரியாமல் இல்லை.

"சரி, சரி. தொலையட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அந்த மஞ்சளைக் கொஞ்சம் மங்கலாப் போடச் சொல்லு. எங்கப்பா நெனப்பு வருது."

ட்ரெவருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நன்றிகூடச் சொல்லத் தோன்றாமல் வெளியே வந்தார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு வளைந்த கோட்டையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்தார். அன்றைக்கு ஆட்டம் கால் மணி தாமதமாகத்தான் தொடங்கியது. ஒருத்தரும் அவரைக் குறை சொல்லவில்லை.

படத்தைத் திறந்த அன்று கிளப் அறை கொள்ளவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கலர் விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, ஆஷ்டன் கிரீக்கிலிருந்துகூட ஒரு கார் நிறைய ஆட்கள் வந்து கதவோரம் மிடுக்காக நின்றார்கள். ட்ரெவர் ஆகப் பின்னால், சாசேஜ் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். அச்சாகி வந்ததை அவர் அதுவரை பார்க்கவில்லை. கொரீன் காட்டுகிறேன் என்று சொன்னபோதும் பயந்துகொண்டு வேண்டாம் என்றிருந்தார். எங்கேயாவது கை மறந்துபோயிருந்தால்? முகம் பயந்த முகமாக இருந்தால்? மார்லீன் அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ராஸ் துணியை இழுத்தார்.

முதலில் கைதட்டல். பிறகு ஒரு முணுமுணுப்பு. கெல் உச்சியில் இருந்தார், கைகள் நீட்டி, முழங்கால் மடக்கி. அவருக்குக் கீழே, பழுப்பு மஞ்சள் ஜெர்சியில், தலை அண்ணாந்து, வாய் திறந்து கத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து ட்ரெவர் நின்றார். இருபத்துநாலு வயது ட்ரெவர். கண் பந்தின் மேல். நான்கு கைகளுக்கும் மேலே பந்து இருந்தது, இன்னும் யார் கையிலும் சேராமல். பிடிப்பதற்கு ஒரு நொடிக்கு முந்தைய காட்சியை வரைந்துவிட்டாள் கொரீன்.

கெல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார். "இதைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு, நான்தான் பிடிச்சேனான்னு."

அறை சிரித்தது. இந்தச் சிரிப்பு ட்ரெவரின் தோளில் விழவில்லை. எத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்தோம் என்று தெரியாத ஒரு பாரம் அப்போது இறங்கியது. இறங்கின பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று அவருக்கு உறைத்தது. கண் கலங்கியது. மறைக்கவில்லை. மார்லீன் பார்த்தும் பார்க்காத மாதிரி அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

போன மாதம்தான் ஊருக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சரம்மா, ஃபுட்பால் பற்றி ஒரு எழுத்தும் தெரியாதவள், கையில் சாசேஜ் ரொட்டியோடு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றது ட்ரெவர்தான்.

"இந்த ரெண்டு பேர்ல கடைசியில பந்தை யார் பிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

சுற்றி நின்ற பத்து வாய்கள் பதில் சொல்லத் திறந்தன. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எல்லாரும் ட்ரெவரைப் பார்த்தார்கள்.

"பச்சை ஜெர்சிக்காரன்மா" என்றார் ட்ரெவர். "கெல்னு பேரு. அதோ, ஊன்றுகோலோட நிக்கறானே, அவன்தான். பிரமாதமான பிடி. நான் ரொம்பக் கிட்டத்துல இருந்து பாத்தேன்."

"அப்போ இந்த மஞ்சள் ஜெர்சி நீங்களா?"

"ஆமா" என்றார் அவர். "அது நான்."